பாடத்திட்டம் வகுத்தலும் பாடம் சொல்லலும்: பல்கலைக்கழகத் தமிழாசிரியர் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஐந்தாம் வகுப்பிற் பயிலும் சிறுவனுக்குத் தமிழ் கற்பிக்கப் புகும் ஒருவர் ஆசிரியர் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். அப்பயிற்சிக் காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் உடனிருந்து காணப் பாடம் நடத்திக் காட்டியிருத்தலும் வேண்டும். முதுகலை மாணவர்க்குத் தொல்காப்பியம் கற்பிக்கப் புகுவார்க்கோ இவற்றுள் ஒன்றும் கட்டாயமன்று. முனைவர் பட்டமோ, தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ பெற்ற வெற்றியோ அவருக்குரிய தகுதியாகக் கொள்ளப்படுகிறது. 1989-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியத் தகுதித் தேர்வின் முதல் தாளிற் கற்பித்தல் குறித்த வினாக்கள் சில உள்ளன. ஆயினும் அவை கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்களே. கற்பித்தலைப் பற்றி அறிதல் வேறு, கற்பித்தல் வேறு.

இவ்வாறு பணியேற்பவர் சில ஆண்டுகளுக்குள் பாடத்திட்டக் குழுவில் உறுப்பினர் ஆகின்றார், வினாத்தாள் வகுக்கின்றார், விடைத்தாள் திருத்துகின்றார். பாடத்திட்டம் வகுத்தற்குரிய நெறிகள் யாவை என்பதை முறையாகக் கல்லாமலே இப்பொறுப்புகளை அவர் ஏற்க நேர்கிறது. தம் ஆசிரியர் தமக்குச் சொன்னவாறே தாமும் பாடம் சொல்லுதலும், முன்னைய பாடத்திட்டத்தில் இரண்டொரு நூல்களை மாற்றிப் புதிய பாடத்திட்டம் எனத் தருதலும் இதனால் வழக்கமாயின.

பாடத்திட்ட அமைப்பு, பாடம் சொல்லும் திறன் என்னும் இரண்டனையும் தமிழ்த்துறைக்கு உரிய வகையில் ஆராய்ந்து, அவற்றை வளர்த்தற்குத் துறையளவிலேயே செய்யத்தக்கன யாவை எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப்பாயிரம் கூறும் கற்பித்தற் கலை

கற்பித்தல் தனியே ஆராயத்தக்க ஒரு கலை என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. எந்நூலைக் கற்கப் புகுவாரும் முதற்கண் அறியவேண்டியது பொதுப்பாயிரம் என்பது பண்டை உரையாசிரியர் கொள்கை. கொடுப்பவன், கொடுக்கும் முறை, கொள்பவன், கொள்ளும் முறை என அதனை நான்காகப் பகுத்தாரும் உளர். நூலின் இயல்பையும் உடன் சேர்த்து ஐந்தாகப் பகுத்தாரும் உளர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஐந்தாகப் பகுக்கின்றது. இக்காலக் கல்வியியலார் பாடப்பொருள், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணவர், கற்கும் முறை எனப் பகுத்துக் கூறுவன இவ்வைந்தனுள் அடங்குதல் காண்க.

நன்னூலார் ஆசிரியர் ஆகாதார்க்குக் கூறும் உவமைகள் நான்கு. அவை கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன. கழற்சிக்காய்களை ஒரு முறையில் இட, வேறொரு முறையில் வெளிப்படுத்துவது கழற்பெய்குடம். தன்பால் அணுகுவாரை ஏறவிடாது, தானே உதிர்த்தபோது மட்டும் பழம் கொடுப்பது மடற்பனை. சிறிது சிறிதாக அடைக்கப்பட்டு, கொடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே கொடுப்பது பருத்திக்குண்டிகை. நீர் வார்த்தவன் ஒருவனாக, வேலிக்கு அப்பால் உள்ளான் ஒருவனுக்குக் காய் உதிர்ப்பது முடத்தெங்கு.

இவ்வுவமைகளில் நோக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. இவற்றுள் எதுவும் வெறுமையானதன்று. குடத்திற் காய் நிறைந்துள்ளது, பனை பழுத்துள்ளது, குண்டிகை பஞ்சு கொள்ளாமல் உள்ளது, தெங்கு காய்த்துள்ளது. நான்கினும் குறை கொடுத்தலிலேயே உள்ளது, உடைமையில் இல்லை. எனவே, புலமை நிறைந்தார் அனைவரும் கற்பிக்க வல்லார் என்னும் கொள்கையை நன்னூலார் உடன்பட்டிலர் என்பது பெறப்படும். முனைவர் பட்டம் ஒன்றே கற்பித்தற்கும் போதிய சான்று எனக் கருதும் இக்கால வழக்கு, இவ்வகையில் நம் மரபிற்கே மாறானது.

பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தும் ஆசிரியர் முன்னரே செய்துகொள்ளவேண்டிய ஆயத்தம் வற்புறுத்தப்படுகிறது. காலமும் இடமும் தேர்தல், சொல்லப்புகும் பொருளை உள்ளத்தில் ஒழுங்குபட அமைத்துக்கொள்ளல், விரைவும் சினமும் இன்மை, மாணவனின் கொள்திறன் அறிந்து அதற்கேற்பக் கொடுத்தல் என்பன அவற்றுள் தலையாயவை. கொள்திறன் அறிதல் என்னும் ஒன்றே பாடத்திட்டக் கலையின் முதற்படி என்பது பின்னர் விளங்கும்.

கற்கும் முறையைப் பற்றிய கணக்கு இன்னும் வியக்கத்தக்கது. ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாக உட்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் காற்கூறே. உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் வரும். வகுப்பு நேரம் முழுவதும் ஆசிரியரே பேசும் வகுப்பு, இக்கணக்கின்படி, முக்காற்கூற்றை இழந்த வகுப்பாகும்.

பாடத்திட்டத்தின் ஆற்றல்

பாடத்திட்டம் என்பது அலுவலக நடைமுறை என எண்ணி ஒதுக்குவார் உளர். எது கற்கப்படுகிறதோ அதுவே அடுத்த தலைமுறைக்கு நிற்கும். கற்கப்படாதது ஏட்டில் இருந்தும் இல்லாததாகும். இதற்குத் தமிழ் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

உ. வே. சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். அக்காலத்து உயர்தமிழ்க் கல்வியில் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் முதலியன மிகுதியாகப் பயிலப்பட்டன. அக்கல்வி ஆழமற்றது என்றல் பொருந்தாது. யாப்பிலும் சொல்லாட்சியிலும் அது தந்த பயிற்சி இன்று அரிதே. ஆயினும் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் பணியேற்றபின், அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணி முதலிய பழங்காப்பியங்களைப் படித்ததுண்டா என வினவியபோது, இல்லை என்றே ஐயர் விடை கூற நேர்ந்தது. இதனை அவர் தம் வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். ஏடுகள் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் இருந்தன. அவற்றைப் பாடம் சொல்லும் வழக்கே அருகியிருந்தது. அவ்வினாவின் பயனாக 1887-இல் சீவகசிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

இந்நிகழ்ச்சியினின்று பாடத்திட்டம் வகுப்பார் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. எதனைப் பாடமாக வைக்கின்றோம் என்பதைக் காட்டிலும், எதனைப் பாடமாக வையாது விடுகின்றோம் என்பது நீண்ட விளைவினை உடையது. அக்காலத்து இடர் நூல் மறைந்து போதல். இக்காலத்து இடர் வேறு. நூல்கள் அச்சேறிவிட்டன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், அதன்பின் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் அவற்றை எவரும் எளிதிற் பெறுமாறு செய்துள்ளன. அச்சேறிய நூல் எளிதில் அழியாது; அதனைத் தானே படித்துப் பொருள் காணும் திறன் அழியக்கூடும். சேனாவரையர் உரையை ஆசிரியர் துணையின்றி ஒரு பக்கம் படித்து, அதன் தடைவிடைகளைப் பிரித்துணர வல்ல மாணவர் எத்துணையர் என ஒவ்வொரு துறையும் தன்னையே வினவிக்கொள்ளுதல் நன்று. அத்திறன் ஒரு தலைமுறை விடுபடின், அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்பிப்பார் இரார்.

நூற்பட்டியும் பாடத்திட்டமும்

நம் பாடத்திட்டங்களிற் பல, உண்மையில், நூற்பட்டிகளே. ஐந்து அலகுகள், ஒவ்வோர் அலகிலும் சில நூற்பகுதிகள், இறுதியிற் பார்வை நூல்கள் என்னும் அளவில் அவை நிற்கின்றன. இன்ன நூல் படிக்கப்பெறும் என்பது அவற்றால் விளங்கும். படித்து முடித்த மாணவர் இன்னது செய்ய வல்லவர் ஆவர் என்பது விளங்காது.

1949-இல் அமெரிக்கக் கல்வியியலார் இரால்ஃப் டைலர் பாடத்திட்டம் வகுப்பார் விடை காணவேண்டிய வினாக்கள் நான்கு என வரையறுத்தார். அடைய வேண்டிய நோக்கம் யாது? அதனை அடைதற்குரிய கற்றல் அனுபவங்கள் யாவை? அவற்றை எம்முறையில் நிரல்படுத்துவது? நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது? நூற்பட்டி இவற்றுள் இரண்டாம் வினாவிற்கு மட்டும், அதுவும் ஒரு பகுதியளவே, விடை தருகின்றது.

1956-இல் பெஞ்சமின் புளூம் முதலானோர் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தனர். 2001-இல் திருத்தப்பெற்ற வடிவில் அவை நினைவுகூர்தல், பொருளுணர்தல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என நிற்கின்றன. 1996-இல் ஜான் பிக்ஸ் என்பார் நோக்கம், கற்பித்தற் செயல், தேர்வு என்னும் மூன்றும் ஒன்றற்கொன்று இயைந்திருத்தல் வேண்டும் எனும் கொள்கையை விளக்கினார். நோக்கத்திற் பகுத்தாய்தல் எனக் கூறி, வகுப்பிற் பொழிப்புரை சொல்லி, தேர்வில் நினைவாற்றலைச் சோதிப்பின், மாணவர் தேர்வையே உண்மையான பாடத்திட்டமாகக் கொள்வர் என்பது அவர் கருத்தின் சாரம்.

இக்கொள்கைகள் நம் பல்கலைக்கழகங்களுக்கும் வந்து சேர்ந்தன. 1994-இல் நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையின் மதிப்பீடுகளும், விளைவு சார்ந்த கல்வி என்னும் கோட்பாடும் இதற்குக் காரணம். ஆயின் அவை வந்த வடிவமே சிக்கலாயிற்று. பாடப்பயன் ஐந்து, திட்டப்பயன் பல என வரைந்து, இரண்டற்கும் உள்ள உறவை 3, 2, 1 என எண்களாற் குறிக்கும் அட்டவணைகள் எழுந்தன. பாடம் முன்னரே வகுக்கப்பட்டுவிடுகிறது. பயன்கள் பின்னர் எழுதிச் சேர்க்கப்படுகின்றன. மாணவர் அறிவர், உணர்வர், போற்றுவர் என முடியும் வாக்கியங்கள் எந்நூலுக்கும் பொருந்துவன. ஆதலின் எந்நூலுக்கும் உரியன அல்ல. குறை கோட்பாட்டில் இல்லை. வரிசை தலைகீழானதே குறை.

ஓர் எடுத்துக்காட்டு: குறுந்தொகைத் தாள்

முதுகலை வகுப்பிற்குக் குறுந்தொகை ஒரு தாளாக அமைகிறது எனக் கொள்வோம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள் கொண்டது அத்தொகை. பெரும்பாலான பாட்டுகள் 4 முதல் 8 அடி அளவின. பேராசிரியர் 380 பாட்டுகளுக்கு உரை எழுதினார் என்றும், எஞ்சிய 20 பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்றும் மரபு கூறும். அவ்வுரை இன்று கிடைத்திலது. 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937-இல் உ. வே. சாமிநாதையரும் தம் உரையுடன் இத்தொகையைப் பதிப்பித்தனர். பழையவுரை இன்மையால், மாணவர் தாமே பொருள் காணப் பயில்வதற்கு இத்தொகை மிகவும் ஏற்றது.

வழக்கமான முறையில் அலகிற்கு 20 பாட்டு என ஐந்து அலகுகளுக்கு 100 பாட்டுகள் வைக்கப்படும். வாரம் 6 மணி, பருவத்திற்கு 15 வாரம் எனக் கொள்ளின் மொத்தம் 90 மணி. தேர்வுகளுக்குரிய நேரம் கழியின் ஒரு பாட்டிற்கு ஒரு மணியும் வாராது. அந்நேரத்திற் பாட்டைப் படித்து, அருஞ்சொற்பொருள் கூறி, பொழிப்புரைக்க இயலும். அதற்குமேல் ஒன்றும் இயலாது. மாணவர் 100 பொழிப்புரைகளை எழுதிக்கொண்டு செல்வர். 101-ஆவது பாட்டு அவர்க்கு முன்போலவே அயலானது.

நோக்கத்தினின்று தொடங்கினால் அமைப்பு வேறாகும். இத்தாளைப் பயின்ற மாணவர், தாம் முன்பு படித்திராத குறுந்தொகைப் பாட்டு ஒன்றினை, சொல்லகராதியின் துணை மட்டும் கொண்டு படித்து, கூறுவார் யார், கேட்பார் யார், திணை யாது, பாட்டின் சொற்களில் அதற்குச் சான்று யாது என எழுத வல்லவராதல் வேண்டும். இதனை நோக்கமாகக் கொண்டால், 100 பாட்டுகளுக்கு மாறாக 40 பாட்டுகள் போதும்.

அவற்றுள் முதல் 10 பாட்டுகளை ஆசிரியர் விரித்துரைப்பர். பாட்டிற்கு 2 மணி வீதம் 20 மணி ஆகும். அடுத்த 20 பாட்டுகளை மாணவர் முன்னரே படித்து வந்து, ஆசிரியர் வினவ, வகுப்பிற் பொருள் காண்பர்; பாட்டிற்கு ஒன்றரை மணி வீதம் 30 மணி. இறுதி 10 பாட்டுகளை மாணவர் தாமே வகுப்பிற்கு எடுத்துரைப்பர். பாட்டிற்கு ஒன்றரை மணி வீதம் 15 மணி. அகப்பொருள் இலக்கணமும் பாடவேறுபாடுகளும் 10 மணி. எழுத்துப் பயிற்சியும் திருத்தமும் 10 மணி. தேர்வு 5 மணி. மொத்தம் 90 மணி. ஆசிரியர் தனித்து விரித்துரைக்கும் நேரம் ஏறக்குறைய நன்னூலார் கூறிய காற்கூறாதல் அறிக.

பாட்டுகளைத் தெரிவு செய்தலும் ஒரு கலையே. நூலின் எண்முறைப்படி முதல் 40 பாட்டுகளை வைத்தல் எளிது. ஆயின் அது கழற்பெய்குடத்தின் வழி. தொடரமைப்பு எளியனவாய் வினைமுற்று வெளிப்பட நிற்பன முதலிலும், நீண்ட எச்சத்தொடர்கள் அடுக்கி வருவன இடையிலும், உள்ளுறையும் இறைச்சியும் கொண்டு பலவாறு பொருள்கொள்ள இடந்தருவன இறுதியிலும் வருதல் வேண்டும். ஐந்திணையும் விரவுதல் வேண்டும். பதிப்பாசிரியர் இருவர் வேறுபட்டுப் பொருள் கொண்ட பாட்டுகள் சிலவேனும் இடம்பெறின், உரை என்பது முடிந்த முடிபன்று என்பது மாணவர்க்குத் தானே விளங்கும்.

வினாத்தாள்

குறுந்தொகையில் உள்ளுறையைப் பற்றிக் கட்டுரை வரைக என்னும் வினா நம் வினாத்தாள்களில் மிகவும் பழகியது. இதற்கு விடையை நூலைத் தொடாமலே எழுதலாம். பொழிப்புரைகள் இணையத்தில் நொடியிற் கிடைக்கும் இக்காலத்தில், கட்டுரையையே கணினி வழி எழுதிப் பெறவும் இயலும். இத்தகைய வினா மாணவரின் எத்திறனைச் சோதிக்கிறது எனத் துறைகள் ஆராய்தல் வேண்டும்.

மேற்கூறிய நோக்கத்திற்கு இயைந்த வினாத்தாளில், மதிப்பெண்களிற் பாதி வகுப்பிற் படித்திராத பாட்டிற்கு உரியதாகும். பாட்டின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பை நீக்கிவிட்டு, தலைவி கூற்றோ தோழி கூற்றோ எனத் துணியுமாறு கேட்கலாம். மாணவரின் துணிபு பதிப்பிற் காணும் குறிப்பினின்று மாறுபடினும், சொற்சான்று காட்டப்பட்டிருப்பின் மதிப்பெண் வழங்குதல் முறை. அதற்கு மதிப்பீட்டு வரையறை முன்னரே எழுதப்படல் வேண்டும்: சொற்பொருட்கு இத்துணை, தொடர் இயைபிற்கு இத்துணை, சான்று காட்டலுக்கு இத்துணை என்பதாக. அவ்வரையறை மாணவர்க்கும் பருவத் தொடக்கத்திலேயே கொடுக்கப்படல் வேண்டும்.

பாடம் சொல்லும் திறன்கள்

பாடத்திட்டம் செவ்விதாயினும், சொல்வார் திறன் இன்றேல் பயன் இல்லை. தமிழ்த்துறைக்கு இன்றியமையாத திறன்கள் மூன்றினை ஈண்டுக் குறிப்பிடலாம்.

முதலாவது, வாய்விட்டுப் படித்தல். பழம்பாடலைச் சீர் பிரித்தும், பொருள் நோக்கிச் சந்தி பிரித்தும் இருமுறை படித்துக் காட்டும் ஆசிரியர் பாதி விளக்கத்தை அப்படிப்பிலேயே தந்துவிடுகின்றார். பொருளறியாது படித்தாரை அவர்தம் நிறுத்தமே காட்டிவிடும். இது பிறவிக் குரல்வளத்தால் வருவதன்று, பயிற்சியால் வருவது.

இரண்டாவது, வினவுதல். விளங்கிற்றா என்னும் வினாவிற்கு வகுப்பு முழுவதும் ஆம் என்றே தலையசைக்கும். இவ்வடியில் எழுவாய் யாது, இப்பெயரெச்சம் எதனைக் கொண்டு முடிகிறது, இப்பறவையைப் புலவர் ஈண்டு வைத்தது எதற்கு என வினவினால், விளங்கியதும் விளங்காததும் வெளிப்படும். வினவியபின் மாணவர் எண்ணுதற்குச் சிறிது நேரம் அமைதியாயிருத்தலும் ஒரு திறனே. புதிய ஆசிரியர் பலர்க்கு அவ்வமைதி பொறுத்தற்கு அரிது. தாமே விடை கூறிவிடுவர்.

மூன்றாவது, கொள்திறன் அறிதல். இளங்கலையில் தமிழையே முதன்மைப் பாடமாகப் பயின்றாரும், அறிவியலோ வணிகவியலோ பயின்றாரும் முதுகலைத் தமிழ் வகுப்பில் இன்று ஒருங்கே அமர்கின்றனர். பின்னவரை நன்னூலார் கூறும் கடைமாணாக்கராக எண்ணுதல் பெரும்பிழை. அவர்க்கு இல்லாதது முற்பயிற்சியே, அறிவன்று. பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒரு பாட்டைக் கொடுத்து எழுதச் செய்து, யார்க்கு யாது தெரியும் என அறிந்துகொள்ளும் ஆசிரியர், எஞ்சிய 14 வாரங்களையும் பயனுடையன ஆக்கிக்கொள்வர்.

பயிற்சி ஏற்பாடுகள்

கல்லூரி ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக்குழு, புதிய விரிவுரையாளர்க்குத் தொடக்கப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1987 முதல் பல்கலைக்கழக மானியக்குழு கல்விப்பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. 2015-இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. 2023 முதல் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. புத்தொளிப் பயிற்சியும் புத்தாக்கப் பயிற்சியும் பதவி உயர்விற்கு உரிய தகுதிகளாகவும் ஆயின.

இவற்றால் விளைந்த நன்மைகள் உண்டு. பல துறையினரும் ஒருங்கு கூடிப் பழகுதல் அவற்றுள் ஒன்று. ஆயினும், பயிற்சி நடைபெறும் இடம் வேறு, ஆசிரியர் பாடம் சொல்லும் வகுப்பு வேறு என்னும் இடைவெளி நீங்கவில்லை. பயிற்சியிற் கேட்டதை வகுப்பில் ஆசிரியர் செய்து பார்க்கும்போது உடனிருந்து நோக்குவார் எவரும் இலர். ஆதலின், துறையளவிற் செய்யத்தக்கன சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

ஒன்று: புதிய ஆசிரியர் முதற்பருவத்தில் வாரம் 2 மணி மூத்த ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து நோக்குதல். 2018-ஆம் ஆண்டின் மானியக்குழு நெறிமுறைகள் உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணி நேரடிக் கற்பித்தலை வரையறுக்கின்றன. இச்சுமையொடு நோக்குதலையும் சேர்த்தல் கடினமாதலின், துறையினர் தமக்குள் பாட நேரத்தைப் பகிர்ந்து இடம் செய்துகொள்ளல் வேண்டும்.

இரண்டு: பருவத்திற்கு இருமுறை ஒருவர் வகுப்பை மற்றொருவர் நோக்குதல். இது மதிப்பீடன்று, பதவி உயர்விற்கும் பணிப்பதிவிற்கும் இதனைத் தொடர்புபடுத்தலாகாது. ஆசிரியர் பேசிய நேரம் எவ்வளவு, மாணவர் பேசிய நேரம் எவ்வளவு, எவ்வினாவிற்கு வகுப்பு விழித்தெழுந்தது என்னும் மூன்றினை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும்.

மூன்று: நுண்ணிலைக் கற்பித்தல். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. சிலரே அமர்ந்த வகுப்பில் ஐந்து அல்லது பத்து நிமிடம் பாடம் நடத்தி, குறை நிறை கேட்டு, அப்பகுதியையே திருத்தி மீண்டும் நடத்துவர். தமிழ்த்துறைக்கு இது இயல்பாகவே பொருந்தும். ஒரு குறுந்தொகைப் பாட்டு, ஒரு நூற்பா, ஓர் உரைப்பகுதி என்பன பத்து நிமிடத்திற்கு அளவானவை.

நான்கு: முனைவர் பட்ட ஆய்வாளர்க்குப் பயிற்சி. 2022-ஆம் ஆண்டின் மானியக்குழு நெறிமுறைகள், ஆய்வாளர் அனைவரும் தம் பாடத்தைக் கற்பித்தலிலும் எழுதுதலிலும் பயிற்சி பெறல் வேண்டும் எனவும், வாரம் 4 முதல் 6 மணி கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியில் அவர்களை ஈடுபடுத்தலாம் எனவும் கூறுகின்றன. மேற்கூறிய குறுந்தொகைத் தாளில் மாணவரைச் சிறு குழுக்களாக்கி, குழுவிற்கு ஓர் ஆய்வாளரை அமைப்பின், மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒருங்கே பயன் விளையும்.

ஐந்து: பாடத்திட்டத்தொடு ஆசிரியர் கைக்குறிப்பு ஒன்றும் வகுத்தல். இப்பாட்டு ஏன் இவ்விடத்தில் வைக்கப்பட்டது, மாணவர் இடர்ப்படும் இடங்கள் யாவை, எவ்வினா பயன் தந்தது என்பவற்றைக் கற்பித்த ஆசிரியர் எழுதி வைப்பின், அடுத்து வருவார் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. நாம் பெரிதும் போற்றும் உரைநூல்களின் வினாவிடை நடை, ஆசிரியர் மாணவர்க்குப் பாடம் சொன்ன மரபின் சுவடே அன்றோ!

தடையும் விடையும்

இலக்கிய நயத்தை அளவிடுதல் இயலாது. ஆதலின் நோக்கங்களை வரையறுத்தல் இலக்கியக் கல்விக்கு ஒவ்வாது என்பார் உளர். நயந்து மகிழ்தலை அளவிட இயலாது என்பது உண்மையே. ஆயின் அம்மகிழ்ச்சிக்கு வாயிலாகிய படிப்புத் திறனை அறியலாம். தொடரின் முடிபு அறியாதார்க்கு நயம் தோன்றுமாறு இல்லை. வாயிலைத் திறந்துவிடுதலே ஆசிரியர் கடன். உட்சென்று காண்பது மாணவர் உரிமை.

பாட்டுகளைக் குறைத்தால் தரம் தாழும் என்பது மற்றொரு தடை. இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 40 பாட்டுகளைப் பயின்றார், எஞ்சிய 361 பாட்டுகளைப் படியாது விடவும் கூடும். ஆதலின் குறைத்தல் தன்னளவில் நன்றன்று; எஞ்சியவற்றைத் தாமே படிக்கும் திறனைத் தருதலொடு சேர்ந்தபோதே அது நன்றாகும். பருவ இறுதித் தேர்வில் படியாத பாட்டுகளினின்றே வினா வரும் என மாணவர் முன்னரே அறிவராயின், தொகை முழுவதையும் படித்தற்கு அதுவே தூண்டுதலும் ஆகும்.

புலமையே போதும், பயிற்சி வேண்டா. பண்டைப் புலவர் எப்பயிற்சிக் கல்லூரியிற் பயின்றனர் எனக் கேட்பாரும் உண்டு. மகாவித்துவானிடம் பயின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் அவருடன் உறைந்து, அவர் பிறர்க்குப் பாடம் சொல்லுதலையும் நாள்தோறும் கண்டு, தாமும் தமக்கு இளையார்க்குப் பாடம் சொல்லிப் பழகினர். அதுவே அவர்கள் பெற்ற ஆசிரியப் பயிற்சி. நாம் அந்த உறைவிடக் கல்வியை விட்டுவிட்டு, அதனுள் அடங்கியிருந்த பயிற்சியையும் உடன் விட்டுவிட்டோம். விட்டதற்கு ஈடு செய்தல் நம் பொறுப்பாகும்.

முடிபு

பாடத்திட்டம் நூற்பட்டியாக அன்றி, மாணவர் பெறவேண்டிய திறனினின்று தொடங்கி வகுக்கப்படல் வேண்டும். வகுப்பும் வினாத்தாளும் அத்திறனுக்கு இயைதல் வேண்டும். பாடம் சொல்லும் திறன் பயிற்சியால் வளர்வது. அப்பயிற்சி ஆசிரியர் பணிபுரியும் துறையிலேயே, அவர் கற்பிக்கும் நூலைக் கொண்டே நடைபெறல் வேண்டும். இவையே இவ்வாய்வாற் பெறப்பட்டன.

மேற்கூறியவற்றிற்குப் புதிய நிதியோ அரசாணையோ பெரும்பாலும் வேண்டுவதில்லை. அடுத்த பருவத்தில் ஒரு துறை, ஒரே ஒரு தாளினை இவ்வாறு வகுத்து நடத்தி, பருவ இறுதியில் மாணவர் கையிற் படியாத பாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர்கள் எழுதும் விடைகளை ஆசிரியர் அனைவரும் கூடியிருந்து படித்தல் நன்று. அடுத்த பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை அவ்விடைத்தாள்களே காட்டும்.